விசையும் கைப்பழக்கமும்

மும்பை நகரின் தாராவிப் பகுதியில், தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் சந்துகளில், திருமணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கடைப் பெயர்ப் பலகை, புதுமனை புகுவிழா அழைப்பு முதலியவற்றை வடிவமைத்துத் தரும் சிறு கூடங்கள் உள்ளன. ஒரு மேசை, ஒரு கணிப்பொறி, சுவரில் மாதிரி அட்டைகள், மூலையில் ஓர் அச்சுப்பொறி: பெரும்பாலும் இவ்வளவே அங்குள்ள சாதனங்கள். செம்பூரில் வசிக்கும் ஒரு குடும்பத்தார் தம் மகளின் திருமணத்துக்குப் பத்திரிகை அடிக்க அத்தகைய கூடம் ஒன்றுக்கு வருகின்றனர் என்று கொள்வோம். பிள்ளையார் படம் ஒரு மென்பொருளில் துப்புரவு செய்யப்படுகிறது. ஓரத்துக் கொடி வேலைப்பாடு மற்றொன்றில் வரையப்படுகிறது. பெயர்களும் முகூர்த்த நேரமும் மூன்றாவது ஒன்றில் கோக்கப்பட்டுப் பக்கம் முடிவு பெறுகிறது. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் என்னும் இம்மூன்றும் அமெரிக்காவின் அடோபி கம்பெனியார் விற்பவையே. வேலை செய்பவர் ஒருவர், விசைப்பலகை ஒன்று, நாற்காலியும் ஒன்று. ஒரு மணி நேரத்துக்குள் அவர் இம்மூன்றுக்கும் இடையே பலமுறை போய் வருகிறார்.

அவ்வாறு போய்வரும்போது அவருடைய கை எங்கே தவறுகிறது, அத்தவறு எதனால் விளைகிறது என்பன கணிப்பொறித் தொழிலைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், சிறு தொழில் கூடங்களுக்குச் சென்று வரும் களப் பணியாளர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை. மனிதனுக்கும் யந்திரத்துக்கும் நடுவே உள்ள பகுதி, அதாவது திரையில் தோன்றும் பட்டியல், படம், பொத்தான் ஆகியவையும் அவற்றை இயக்கும் விசைகளும் சேர்ந்து, இடைமுகம் எனப்படுகின்றன. ஒரே கம்பெனியின் பல மென்பொருள்களில் இவ்விடைமுகம் ஒரே விதமாக அமைந்திருப்பதை ஒருசீர்மை எனலாம். பார்வைக்கு ஒருசீராய் இருப்பது வேறு, கைக்கு ஒருசீராய் இருப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதுங்கா தந்த பாடம்

கைப்பழக்கம் தொழிலாளியின் மூலதனம் என்பதை மும்பைத் தமிழர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பம்பாய் என்று வழங்கிய நாளில் அந்நகருக்கு வேலை தேடிச் சென்ற தமிழ் இளைஞர் பலர், ஊரிலேயே தட்டெழுத்தில் லோயர், ஹையர் தேர்வுகளை முடித்துவிட்டு ரயில் ஏறினார்கள். மாதுங்காவில் உறவினர் வீட்டிலோ மெஸ்ஸிலோ தங்கி, காலையில் கோட்டைப் பகுதியின் அலுவலகம் ஒன்றில் நேர்முகத்துக்குச் சென்றார்கள். அங்கே மேசைமீது வைக்கப்பட்டிருந்த யந்திரம் ரெமிங்டனா, ஹால்டாவா, 1955-ஆம் ஆண்டு முதல் மும்பையிலேயே தயாரிக்கப்பட்ட கோத்ரெஜா என்று அவர்கள் கேட்க நேர்ந்ததில்லை. எதுவாயினும் எழுத்துக்களின் வரிசை ஒன்றே. 1870-களில் அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் வகுத்து ரெமிங்டன் கம்பெனியார் விற்பனைக்குக் கொணர்ந்த அவ்வரிசையைப் பின்வந்த கம்பெனிகளும் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டன. ஓர விளிம்பைத் தளர்த்தும் விசையும், தாளைத் திருப்பும் நெம்புகோலும் யந்திரத்துக்கு யந்திரம் சற்று இடம் மாறியிருக்கலாம். அதற்குப் பழகுவதற்குச் சிறிது நேரம் போதும். விரல்கள் கற்றதை மறக்க வேண்டிய நிலை எழவில்லை. கும்பகோணத்தில் கற்ற கை பம்பாயில் சம்பளம் பெற்றது.

அவ்வெழுத்து வரிசை சிறந்ததா என்பது வேறு விஷயம். அதைக் காட்டிலும் விரைவானது என்று சொல்லப்பட்ட வரிசைகள் பின்னர் தோன்றின, அவை நிலைபெறவில்லை. சிறந்த வரிசையைவிட எங்கும் ஒன்றாயிருக்கும் வரிசையே, கைப்பழக்கத்தை விற்றுப் பிழைக்கும் ஒருவருக்கு உதவுகிறது. தட்டெழுத்து யந்திரம் இன்று காட்சிப் பொருளாகிவிட்டபோதிலும், கணிப்பொறியின் விசைப்பலகையில் அதே வரிசைதான் வீற்றிருக்கிறது.

விமானிகளின் கை

கை தவறுவதை விஞ்ஞான முறையில் முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர்கள் இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் பணியாற்றிய உளவியல் அறிஞர்கள் எனலாம். போர்க்காலத்தில் பி-17 என்னும் குண்டுவீச்சு விமானம் பத்திரமாகத் தரையிறங்கிய பின், ஓடுபாதையிலேயே சக்கரங்கள் உள்ளே மடிந்து வயிறு தரையில் படும் விபத்துக்கள் அடிக்கடி நேர்ந்தன. விமானியின் கவனக்குறைவு என்றே அவை குறித்துவைக்கப்பட்டன. அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் அறிஞர் விமானியின் அறைக்குள் சென்று பார்த்தார். சக்கரத்தை மடிக்கும் விசையும் இறக்கையின் மடிப்பை இயக்கும் விசையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரே வடிவில் இருந்தன. ஒன்றின் நுனியில் சிறு சக்கர வடிவும் மற்றதன் நுனியில் ஆப்பு வடிவும் பொருத்துமாறு அவர் யோசனை கூறினார். அதன் பின் விரல்கள் கண்ணின் உதவியின்றியே வேறுபாட்டை உணர்ந்தன.

1947-ஆம் ஆண்டில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆகிய இருவர் விமானிகளிடமிருந்து 460 தவறுகளின் விவரங்களைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஒரு விசைக்குப் பதிலாக மற்றொன்றை இயக்கியதால் நேர்ந்தவை. அதற்குரிய காரணங்களில் ஒன்று நமது விஷயத்துக்கு மிக நெருங்கியது. எஞ்சினின் வேகம், சுழல்விசிறியின் கோணம், எரிபொருளில் காற்றின் கலப்பு ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்தும் நெம்புகோல்கள் எல்லா விமானங்களிலும் உண்டு. ஆனால் வரிசை மட்டும் விமானத்துக்கு விமானம் மாறியிருந்தது. ஒரு வகை விமானத்தில் நன்கு தேறிய விமானி மற்றொரு வகையில் ஏறியபோது, அவருடைய தேர்ச்சியே அவருக்குப் பகையாயிற்று. புதிதாகக் கற்பவர் ஒவ்வொரு நெம்புகோலையும் பார்த்து இயக்குவார்; தேர்ந்தவர் பார்ப்பதில்லை. உளவியலார் இதனைப் பழைய பயிற்சியின் குறுக்கீடு என்பர்.

தாராவியின் அச்சுக் கூடத்தில் உயிருக்கு ஆபத்தில்லை என்பது வாஸ்தவம். ஆயினும் ஐந்நூறு அட்டைகள் பாழானால் அந்த மாத வருமானத்தில் அது ஒரு பெரும் பங்கு.

ஒரு குடும்பம், பல வீடுகள்

அடோபி கம்பெனியை 1982-இல் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகிய இருவர் தொடங்கினர். 1987-இல் வெளிவந்த இல்லஸ்ட்ரேட்டர் அக்கம்பெனியின் சொந்தப் படைப்பு. போட்டோஷாப் அவ்வாறன்று. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய அதனை அடோபி உரிமம் பெற்று 1990-இல் வெளியிட்டது. பக்க அமைப்புக்கு உதவும் பேஜ்மேக்கர், ஆல்டஸ் என்னும் வேறொரு கம்பெனியில் 1985-இல் பிறந்தது. 1994-இல் ஆல்டஸ் அடோபியுடன் இணைந்தபோது உடன் வந்தது. அதன் இடத்தை நிரப்ப 1999-இல் இன்டிசைன் வெளியாயிற்று. 2005-இல் மேக்ரோமீடியா என்னும் பெரிய போட்டிக் கம்பெனியையும் அடோபி வாங்கிக்கொண்டது.

கூட்டுக் குடும்பத்தில் புகுந்த மருமகள்கள் தத்தம் தாய்வீட்டுச் சமையல் முறையுடன் வருவதுபோல, இம்மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தன் பிறந்த வீட்டு விசைகளுடன் வந்து சேர்ந்தன. 2003-இல் இவை ஒரே தொகுதியாக விற்கப்படலாயின. 2007-இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில், திரையின் ஓரத்தில் அடுக்கும் பலகைகள், அவற்றை மடிக்கும் முறை, கருவிகளின் நெடும்பட்டி ஆகியவை பெரிதும் ஒரே சாயலைப் பெற்றன. அன்று முதல் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் செல்பவரின் கண்ணுக்கு அதே அறையில் இருப்பது போன்ற தோற்றம் உண்டாயிற்று. கைக்கு அவ்வாறு இல்லை.

ஓர் உதாரணம் போதும். கன்ட்ரோல் விசையையும் டி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் என்ன நிகழும்? போட்டோஷாப்பில் தேர்ந்தெடுத்த பகுதி விடுவிக்கப்படும். இன்டிசைனில் படமோ எழுத்தோ உள்ள கோப்பு ஒன்றைக் கொணரும்படி ஒரு பெட்டி திறக்கும். இது பேஜ்மேக்கரிலிருந்து வந்த வழக்கம். இல்லஸ்ட்ரேட்டரிலோ கடைசியாகச் செய்த நகர்த்தலோ திருப்பலோ மீண்டும் ஒருமுறை நிகழும். சிறு கூடங்களில் இவற்றுக்குச் சமமாகவோ அதிகமாகவோ வழங்கும் கோரல்டிராவில் அதே விசை ஒரு நகலை உண்டாக்கும். அது வேறு கம்பெனியின் பொருளாகையால் அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஒரே கம்பெனியின் மூன்று பொருள்களில் ஒரே விசைக்கு மூன்று பொருள் இருப்பதுதான் ஆராய்ச்சிக்குரியது.

இம்மூன்று தவறுகளும் ஒரே தரத்தவை அல்ல. இன்டிசைனில் கை தவறி இவ்விசையை அழுத்தினால் திரையின் நடுவே ஒரு பெட்டி எழும்பி நின்று, தவறு நேர்ந்ததை உடனே உணர்த்திவிடும். அதை மூடிவிட்டால் தீர்ந்தது. போட்டோஷாப்பின் பழக்கத்தில், தேர்வை விடுவிக்கும் எண்ணத்துடன் இல்லஸ்ட்ரேட்டரில் அதே விசையை அழுத்தினால், சற்று முன் இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திய கொடி மேலும் இரண்டு மில்லிமீட்டர் நகரும். ஓசை இல்லை, பெட்டி இல்லை, எச்சரிக்கை இல்லை. வேலை செய்பவரின் கண் அந்நேரம் மாதிரி அட்டைமீது இருந்திருக்கலாம். அட்டை வெட்டப்பட்ட பிறகுதான் ஓரம் கோணியிருப்பது தெரியும். உரத்துப் பேசும் தவறு சிறிது எரிச்சலூட்டும். பேசாத தவறு பணத்தைக் கொண்டுபோகும். கணிப்பொறிப் பயிற்சி நூல்கள் பல இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. எல்லா விசைகளையும் ஒரே நீளமான அட்டவணையில் அச்சிட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன.

திருத்தமும் அதன் விலையும்

அப்படியாயின் கம்பெனியார் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாகாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும். அவ்வாறு செய்த ஒரு சந்தர்ப்பம் உண்டு.

செய்ததை நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்பக் கன்ட்ரோலுடன் இசட் விசையை அழுத்துவது கணிப்பொறி அறிந்த எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒருமுறை அழுத்தினால் ஒரு படி, பத்து முறை அழுத்தினால் பத்துப் படி பின்செல்லும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் அவ்வாறே. போட்டோஷாப்பில் மட்டும் முதல் அழுத்தலில் ஒரு படி பின்சென்று, இரண்டாம் அழுத்தலில் முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடும். பல படிகள் பின்செல்ல ஆல்ட் விசையையும் உடன் அழுத்த வேண்டும். இது மூடத்தனமான ஏற்பாடு அன்று. ஆரம்ப காலப் போட்டோஷாப்பில் ஒரு படி மட்டுமே பின்செல்ல இயலும். பல படிகளைக் காட்டும் வரலாற்றுப் பலகை 1998-இல் ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. அதற்குள் புகைப்படத்தைத் திருத்துவோர் இவ்விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தி, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் முகம் எவ்வாறு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிவிட்டனர். அவர்களுக்கு அது நீக்கும் விசை மட்டுமன்று, பார்க்கும் விசை.

2018 அக்டோபரில் வெளிவந்த பதிப்பில் அடோபி இதனை மாற்றி, ஏனைய மென்பொருள்களைப் போல் பல படிகள் பின்செல்லுமாறு செய்தது. புதிதாகக் கற்போருக்கு இது பெரும் நன்மை. இருபது ஆண்டுகள் பழகிய கைகளுக்கோ, இரண்டாம் அழுத்தலில் திரும்பி வர வேண்டிய படம் மேலும் பின்னுக்குப் போயிற்று. பழைய முறையையே தொடர விரும்புவோருக்காக விசைகளை அமைக்கும் பெட்டியில் ஒரு வசதியையும் கம்பெனியார் வைத்தனர்.

அதே பதிப்பில் செய்யப்பட்ட மற்றொரு மாற்றம் இன்னும் விநோதமானது. ஒரு படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கும்போது, நீள அகல விகிதம் கெடாமலிருக்க ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொள்ள வேண்டும் என்பது முப்பது ஆண்டு வழக்கம். புதிய போட்டோஷாப்பில் ஷிஃப்ட் இல்லாமலே விகிதம் காக்கப்படும். அதை அழுத்தினால்தான் விகிதம் கெடும். இதில் நியாயம் இல்லாமலில்லை. புகைப்படத்தை விகிதம் கெடாமல் பெரிதாக்குவதே எவரும் அடிக்கடி செய்வது. அடிக்கடி செய்வதற்கு விசை எதற்கு? ஆனால் இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் பழைய வழக்கம் நீடித்தது. ஒரே பதிப்பில், ஒரு விஷயத்தில் உறவினருடன் ஒன்றுபட்ட போட்டோஷாப், மற்றொரு விஷயத்தில் அவர்களை விட்டுப் பிரிந்தது. மணமகனின் முகத்தை ஷிஃப்ட் அழுத்தி இழுத்த கை, இரு கன்னமும் அகன்ற ஒரு முகத்தைக் கண்டு திகைக்க நேர்ந்தது. இதற்கும் பழைய முறைக்குத் திரும்பும் வசதி பின்னர் அமைப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஒருசீர்மையே குறிக்கோளாகிவிடக் கூடாது என்று வாதிட்ட அறிஞரும் உண்டு. ஜானதன் குருடின் என்பவர் 1989-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் வீட்டிலுள்ள கத்திகளை உதாரணமாகக் காட்டினார். எல்லாம் கத்தியே என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே இழுப்பறையில் வைப்பாரில்லை. எது எந்த வேலைக்கோ அது அந்த வேலை நடக்கும் இடத்தில் இருக்கும். நம் வீடுகளிலும் அரிவாள்மனை அடுக்களையிலும், சவரக் கத்தி கண்ணாடி மாடத்திலும், பாளை சீவும் அரிவாள் கொல்லைப்புறத்திலும் இருக்கின்றன. இதில் ஒருசீர்மை இல்லை என்று யாரும் முறையிட்டதில்லை. இவ்வாதம் வலுவுள்ளது. புகைப்படம் திருத்துவோர் நீக்கும் விசையைப் பார்க்கும் விசையாக்கிக்கொண்டது இத்தகைய வேலைப் பொருத்தமே.

எனினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. அரிவாள்மனையையும் சவரக் கத்தியையும் ஒரே நிமிடத்தில் மாற்றி மாற்றி எடுப்பவர் இல்லை. போட்டோஷாப் மட்டுமே கையாளும் புகைப்படக்காரருக்கு அதன் தனிப் பழக்கங்கள் சௌகரியமே; மூன்றையும் ஒரே மணி நேரத்தில் கையாளும் தாராவித் தொழிலாளிக்கு அவை இடறுகற்கள். பெரிய விளம்பர நிலையங்களில் படம் திருத்துபவர் ஒருவர், வரைபவர் ஒருவர், பக்கம் கட்டுபவர் ஒருவர் என வேலை பிரிந்திருப்பது வழக்கம். சிறு கூடத்தில் மூவரும் ஒருவரே. ஆகவே ஒருசீர்மை இல்லாமையின் சுமை, ஆட்கள் குறைந்த இடத்தில்தான் மிகுதியாக விழுகிறது.

தமிழ் எழுத்துக்கு மூன்று வாயில்கள்

இதுவரை கூறியவை எந்நாட்டுத் தொழிலாளிக்கும் பொதுவானவை. தமிழில் வேலை செய்வோருக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு.

'கெ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். தட்டெழுத்து யந்திரத்தில் முதலில் கொம்பையும் பிறகு ககரத்தையும் அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வரிசையே கையின் வரிசை. பேஜ்மேக்கர் காலத்தில் பல கம்பெனிகள் விற்ற தமிழ் எழுத்துருக்களும் இவ்வாறு கண்ணின் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தன. ஆனால் எந்தக் குறியீட்டுக்கு எந்த எழுத்து என்பதில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழி சென்றது. இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு முறையில் ககரம் முதலில் பதிவாகிறது, எகரக் குறி பின்னர். கொம்பைக் கொண்டுபோய் ககரத்தின் முன் நிறுத்துவது மென்பொருளின் கடமை. மும்பையில் எழுத்துக் கலை வல்லுநராயும் பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில் வடிவமைப்பு மையத்தில் பேராசிரியராயும் விளங்கிய ஆர். கே. ஜோஷி வடிவமைத்த லதா எழுத்துரு, விண்டோஸ் கணிப்பொறிகளில் இம்முறையில் தமிழைக் காட்டிற்று. சாதாரணக் கடிதம் எழுதும் மென்பொருளில் அது செவ்வையாகத் தோன்றும். அதே எழுத்தை அடோபியின் மென்பொருளில் இட்டால், உரிய ஏற்பாடு செய்யப்படாத வரையில், கொம்பு ககரத்துக்குப் பின்னே அனாதையாக நிற்கும். 'கொ' இருபுறமும் பிரியாமல் ஒரு பக்கமே சாயும்.

அந்த ஏற்பாடு மூன்று மென்பொருள்களிலும் உண்டு. ஆனால் மூன்று இடங்களில் உண்டு. இன்டிசைனில் பத்தியை அமைக்கும் பலகையின் மூலையிலுள்ள பட்டியலைத் திறந்து, எல்லா மொழிக்கும் உரிய கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்ப அமைப்புகளின் எழுத்துப் பகுதியில் இந்திய மொழிகளுக்கான வசதியை முதலில் காட்டச் செய்ய வேண்டும். போட்டோஷாப்பிலோ நெடுநாள் வரையில் தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்து எஞ்சினைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அண்மைப் பதிப்புகளில் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரே எஞ்சின் வைக்கப்பட்டு இத்தொல்லை குறைந்துள்ளது. இன்டிசைனில் வழியை அறிந்த ஒருவர் அதே பலகையை அதே மூலையில் மற்றவற்றிலும் தேடுவது இயல்பு. பலகை அதே நிறத்தில், அதே இடத்தில் இருக்கிறது. தேடிய வரி மட்டும் அங்கில்லை. இங்கேதான் கண்ணின் ஒருசீர்மை உதவாததோடு வழி தவறவும் செய்கிறது.

ஆங்கிலத்தில் பக்கம் கட்டுபவருக்கு இந்த வாயில்கள் இருப்பதே தெரியாது. அவருடைய எழுத்து எந்த அறையிலும் நேராக நிற்கும். தமிழ்ப் பத்திரிகை கட்டுபவரோ ஒவ்வோர் அறையிலும் தம் எழுத்தை நிமிர்த்தி வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். இன்றும் சில கூடங்களில் பழைய பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவும் கைவிடப்படாமலிருப்பதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்புடன் பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றுவிட்டது. ஆயினும் அதில் கொம்பு ஓடிப்போவதில்லை.

மற்றொரு சிறு விபத்தையும் இங்கே குறிப்பிடலாம். தேர்ந்தெடுக்கும் கருவியை எடுக்க மூன்று மென்பொருள்களிலும் வி எழுத்தை அழுத்தினால் போதும். போட்டோஷாப்பில் அதற்கு நகர்த்தும் கருவி என்று பெயர். இது உண்மையான ஒருசீர்மை, போற்றத்தக்கது. ஆனால் இன்டிசைனில் எழுத்துப் பெட்டிக்குள் சுட்டுக்குறி நிற்கும்போது அதனை அழுத்தினால், கருவி மாறாமல் அவ்வெழுத்தே பெட்டிக்குள் விழும். ஆங்கிலப் பத்திரிகைகளில் சொற்களின் நடுவே காரணமின்றி ஒரு வி காணப்படுவது இதனால்தான். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசை முறை இயங்கிக்கொண்டிருந்தால் அதே விசையில் 'வ' விழும். ஆங்கில வாக்கியத்தில் தனித்த வி கண்ணில் குத்தும். தமிழ்ச் சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொண்ட 'வ' அவ்வாறு குத்துவதில்லை.

பயிற்சியில் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் மூன்று மென்பொருள்களையும் தனித்தனிப் பருவங்களில் கற்பிப்பது வழக்கமாயுள்ளது. முதலில் போட்டோஷாப் முழுவதும், அடுத்து இல்லஸ்ட்ரேட்டர் முழுவதும் என்ற முறையில் மாணவர் ஒவ்வொன்றிலும் தேறிவிடுவர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வாசற்படியில் மட்டும் பயிற்சி பெறுவதில்லை. விமானிகளைப் பற்றிய ஆராய்ச்சி காட்டியது யாதெனில், தவறு நேர்வது அந்த வாசற்படியில்தான். ஒரு திருமணப் பத்திரிகையை முதல் வாரத்திலிருந்தே மூன்று மென்பொருள்களிலும் மாறி மாறிச் செய்யவைப்பது மேலானது. ஒத்த விசைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவை தாமே பழகிவிடும். மாறுபடும் விசைகளே கவனத்துக்குரியவை. அவற்றையும், அவற்றுள் ஓசையின்றித் தவறு செய்பவை எவை என்பதையும் ஓர் அட்டையில் எழுதித் திரைக்கு அருகில் ஒட்டிவைக்கச் செய்யலாம்.

விசைகளை மாற்றியமைக்கும் வசதி மூன்றிலும் உண்டு என்பதைப் பல தொழிலாளர் அறியார். இன்டிசைனில் பேஜ்மேக்கர் 7.0-இன் விசைகளையே முழுத் தொகுதியாகத் தேர்ந்துகொள்ளும் வசதியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பேஜ்மேக்கரை விட்டுவர அஞ்சும் மூத்த தொழிலாளருக்குக் களப் பணியாளர் இதனைக் காட்டினாலே பாதி அச்சம் நீங்கும். இதில் எச்சரிக்கையும் தேவை. பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும் ஒரே கணிப்பொறியில் வேலை செய்யும் கூடங்களில், ஒருவர் மாற்றிய விசை மற்றவரை இடறும். மாற்றத்தைத் தம் பெயரில் தனித் தொகுதியாகச் சேமித்து, வேலை முடிந்ததும் பொதுத் தொகுதிக்குத் திருப்பிவிட வேண்டும். கூடம் மாறுபவர் அக்கோப்பைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம். தச்சர் தம் உளிப் பையை எடுத்துச் செல்வதில்லையா?

இன்னும் ஒன்று. தமிழ்ப் பக்கங்களைத் திரையில் மட்டும் சரிபார்த்து அனுப்புதல் ஆகாது. படிப்பவர் முழுச் சொல்லையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வதால், ஓடிப்போன கொம்பும் ஒட்டிக்கொண்ட வகரமும் அவர் கண்ணுக்குத் தப்புகின்றன. காகிதத்தில் ஒரு புரூஃப் எடுத்து, கொம்பு வரும் எழுத்துக்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குச் செல்வது நல்ல முறை. செம்பூர்க் குடும்பத்தார் பத்திரிகையின் புரூஃபைப் பார்க்க வரும்போது அவர்கள் கையிலும் ஒரு பென்சிலைக் கொடுத்துவிடலாம். மணமகளின் பெயரில் எத்தனை கொம்பு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.